பன்னிரண்டாம் நிலையும் மூன்று நூலும்

2011 ஜூன் 18 – மோட்டார் மூன்று, திருகுத்தண்டு மூன்று – ரூ. 14,300
2011 ஆகஸ்ட் 2 – பழைய கம்ப்யூட்டர், போடி – ரூ. 3,500
2011 ஆகஸ்ட் 20 – மென்பொருள் உரிமம் – ரூ. 8,150
2024 நவம்பர் 9 – கம்ப்யூட்டர் பழுது – ரூ. 650
2024 நவம்பர் 21 – அதே கம்ப்யூட்டர், அதே பழுது – ரூ. 900
2024 டிசம்பர் 3 – யூ.எஸ்.பி. ஒயர் – ரூ. 480
2024 டிசம்பர் 11 – வேறொரு யூ.எஸ்.பி. ஒயர் – ரூ. 1,250
2025 ஜனவரி 6 – வேறொரு பழைய கம்ப்யூட்டர் – ரூ. 4,000
2025 பிப்ரவரி 8 – இரண்டடி ஸ்டீல் ஸ்கேல் – ரூ. 220

மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவே பதின்மூன்று வருஷம் ஒரு செலவும் இல்லை. சூசைமுத்து நிம்மதியாக இருந்தது அந்தப் பதின்மூன்று வருஷம்தான்.

வைகை அணையில் ஷட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மதகுக் கதவை ஏற்றி இறக்கும் சக்கரங்களுக்கு கிரீஸ் போடுவது, பல் தேய்ந்தால் மாற்றுவது, எத்தனை அடி திறந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. இவ்வளவுதான் வேலை. கோயம்புத்தூரில் ஒரு இயந்திரக் கண்காட்சிக்குப் போன இடத்தில், ஆள் தொடாமல் மரத்தைத் தானாகச் செதுக்குகிற மேசை ஒன்றைப் பார்த்தார். விலையைக் கேட்டதும் வாங்க முடியாது என்று தெரிந்துவிட்டது. உற்றுப் பார்த்ததும் செய்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. இந்த இரண்டாவது எண்ணம்தான் அவரைப் பிடித்த சனி என்பது அவர் மனைவி செபஸ்தியம்மாளின் கட்சி.

அணைக் குடியிருப்பின் பின்கட்டிலேயே மேசையைச் செய்து முடித்தார். இரும்புச் சட்டம். அதன் மேல் முன்பின்னாக, பக்கவாட்டில், மேல்கீழாக என்று மூன்று வாக்கில் நகர்கிற ஒரு கை. கையின் நுனியில் சுழன்று மரத்தைச் செதுக்குகிற பிட். கம்ப்யூட்டரின் பின்னால் பிரிண்டர் செருகுகிற அகலமான துளை வழியாக ஒரு துடிப்பு வந்தால் மோட்டார் ஒரு மயிரிழை நகரும். ஆயிரம் துடிப்பு வந்தால் ஆயிரம் மயிரிழை. துடிப்பை அனுப்புவது வெளிநாட்டில் யாரோ பொழுதுபோக்காக எழுதி விற்ற ஒரு மென்பொருள். கம்ப்யூட்டர், போடியில் ஏலக்காய் கமிஷன் கடையில் கணக்குக்கு வைத்திருந்து கழித்துப் போட்டது. உள்ளே பழைய விண்டோஸ் எக்ஸ்பி. கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறினால் ஏலக்காய் வாசம் அடிக்கும்.

“பாயச வாசந்தான் வருது. பாயசம் வரக் காணோம்” என்பார் செபஸ்தியம்மாள்.

ஓய்வுக்குப் பிறகு மேசையை லாரியில் ஏற்றிச் சொந்த ஊருக்குக் கொண்டு வந்தார். காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸில் போனால் வழியில் வருகிற சின்ன ஊர். பெயர்ப்பலகை, கதவுக்குப் பூ, பள்ளிக்கூடத்துக்கு மேப் என்று செதுக்கிக்கொண்டிருந்தவருக்கு ஒரு பெரிய வேலை வந்தது. வந்தது என்பதைவிட, அவரே போய் மாட்டிக்கொண்டது என்பது சரி.

ஊர்க் கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டியபோது சுவரில் இருந்த பழைய சிலுவைப்பாதை உருவங்கள் நொறுங்கிவிட்டன. பதினான்கு நிலைகள். இயேசுவுக்குத் தீர்ப்பிடுவதில் தொடங்கி அடக்கம் செய்வது வரைக்கும். தவக்காலத்தில் ஜனங்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் முழங்காலிட்டு ஜெபித்து நகர வேண்டும். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப் பேரவை கூடி, மதுரையில் ஃபைபர் உருவங்கள் வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சூசைமுத்து எழுந்து, “மரத்தில் நான் செய்து தருகிறேன், காசு வேண்டாம்” என்றார்.

காம்பவுண்டுச் சுவருக்காக வெட்டிய பலாமரம் ஒன்று கிடந்தது. சின்னச்சாமி ஆசாரி அதை அறுத்து, ஒட்டி, இழைத்துப் பதினான்கு பலகையாக்கிக் கொடுத்தார். அகலம் இரண்டடி. ஒவ்வொரு பலகையிலும் நடுவில் படம், கீழே நிலையின் பெயர், சுற்றிலும் திராட்சைக்கொடி. கொடி பலகையோடு முடிந்துவிடாது. ஒரு பலகையின் வலது ஓரத்தில் போய் நிற்கிற தண்டு, அடுத்த பலகையின் இடது ஓரத்தில் அதே தண்டாகத் தொடரும். இடது சுவரில் ஏழு பலகைக்கு ஒரே கொடி, வலது சுவரில் ஏழு பலகைக்கு ஒரே கொடி. சூசைமுத்து தன் வாழ்நாளில் செய்த கெட்டிக்காரத்தனங்களில் இதுதான் பெரிது என்று நினைத்திருந்தார். பிறகு அந்த நினைப்பு மாறியது.

பதினோரு பலகை முடிந்தது. பதினோராம் நிலை, இயேசுவைச் சிலுவையில் அறைகிறார்கள். அவர் உயிர்விடுவது, சிலுவையிலிருந்து இறக்குவது, அடக்கம் என்று மூன்று நிலை மிச்சம். அதோடு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

முன்பே அது ஜாடை காட்டியிருந்தது. காலையில் போட்டால் தேதியை 2002 என்று காட்டும். தேதி தப்பாக ஒரு காகிதம்கூட வைக்காத மனிதருக்கு அது வயிற்றெரிச்சல். தினமும் திருத்துவார். தினமும் அது 2002-க்கே போகும். நவம்பரில் ஒரு நாள் திரையே வரவில்லை. தூக்கிக்கொண்டு தேனிக்குப் போனார். அங்கே வைகுண்டராஜ் என்பவர் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார்.

“சார், இது எக்ஸ்பி.”

“தெரியும்.”

“இதெல்லாம் இப்ப யாரும் வச்சிருக்கிறது இல்ல சார்.”

“நான் வச்சிருக்கேன்ல?”

“பேசாம பார்மட் அடிச்சு விண்டோஸ் பத்து போட்டுரவா?”

“தம்பி, பல்லு வலிக்குதுன்னு வந்தவன்கிட்ட, தலைய மாத்திரவான்னு கேக்குறீக.”

வைகுண்டராஜ் சிரித்துவிட்டு எதையோ சூடு வைத்து ஒட்டிக் கொடுத்தார். பத்து நாள் ஓடியது. மறுபடி கொண்டு போனார். மறுபடி ஒட்டினார். வீட்டுக்கு வந்து செருகியதும் ஏலக்காய் வாசம் கொஞ்சம், கருகல் வாசம் நிறைய. அதோடு சரி.

கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை பார்க்கிற மகள் ஷெரின், தன் பழைய லேப்டாப்பை பார்சல் அனுப்பினாள். அதில் பிரிண்டர் துளையே இல்லை. பழைய மென்பொருளைப் போட்டால், இந்த விண்டோஸில் ஓடாது என்று ஒரு பெட்டி வந்து நின்றது. புதிய விண்டோஸ், எந்த மென்பொருளையும் துளைக்குள் நேராகக் கை விட விடாதாம். ஷெரின் போனில் விளக்கினாள்.

“அப்பா, எக்ஸ்பில யாரு வேணும்னாலும் அடுப்படி வரைக்கும் வரலாம். இதுல வாசல்லயே நிப்பாட்டிருவாங்க.”

“நம்ம வீட்டுல, நம்ம கம்ப்யூட்டரு, நம்மள வாசல்ல நிப்பாட்டுமா?”

“ஆமாப்பா.”

“நல்லாருக்கு.”

யூ.எஸ்.பி. ஒயர் ஒன்று தேனியில் வாங்கினார். ஒரு முனை லேப்டாப்புக்கு, மறுமுனை மேசைக்கு. ஒயரில் இருந்த சின்ன விளக்கு எரிந்தது. மோட்டார் அசையவில்லை. முதலாவது மட்டமான சரக்கு என்று கடைக்காரர் சொன்னதால் விலை கூடிய இன்னொன்றை வரவழைத்தார். அதில் விளக்கு இரண்டு. மோட்டார் அசையவில்லை. அந்த ஒயர்களுக்குப் பிரிண்டரோடு பேச மட்டும்தான் தெரியும், எழுத்துகளைச் சேர்த்து வைத்து மொத்தமாகத் தள்ளும், மோட்டாருக்கு வேண்டியது ஒவ்வொரு துடிப்பும் அந்தந்த நேரத்தில் என்பதெல்லாம் இரண்டாவதையும் வாங்கிய பிறகு தெரிந்தது. உரிமத்தை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருமாறு மென்பொருள்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அந்த முகவரியே இப்போது இல்லை என்று பதில் வந்தது.

அந்த வாரமே கதவிடுக்கில் கடிதமும் வந்தது.

பங்குப் பேரவையின் செயலாளர் இமானுவேல். செபஸ்தியம்மாளின் கூடப்பிறந்த தம்பி. நான்கு வீடு தள்ளித்தான் குடியிருக்கிறார். ஆனாலும் பேரவை சம்பந்தமாக எதையும் வாயால் சொல்லமாட்டார். லெட்டர்பேடில் எழுதி, எண் போட்டு, முத்திரை குத்திக் கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போவார். தள்ளிய கையோடு உள்ளே வந்து அக்காவிடம் காபி வாங்கிக் குடித்தாலும் குடிப்பார். கடிதத்தைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

“தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன், 2025 மார்ச் 5-க்குள் பதினான்கு நிலைகளும் ஒப்படைக்கப்படாவிடில், ஃபைபர் உருவங்கள் வாங்கப்படும். முடிந்த பதினொன்றும் தங்களிடமே திருப்பித் தரப்படும்” என்று கடிதம் சொன்னது.

சூசைமுத்து பங்குத்தந்தையிடம் போய் நின்றார். சாமி என்று ஊர் கூப்பிடுகிற அவர் நல்லவர்தான். ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

“பதினொன்னோட எப்படிங்க நிப்பாட்டுறது? ஜனங்க பதினோராம் நிலையில ஆணிய அடிச்சுட்டு வீட்டுக்குப் போகவா?”

செபஸ்தியம்மாள் இதையே வீட்டில் வேறு மாதிரிச் சொன்னார். “அந்த மனுசன ஆணியடிச்சு நிப்பாட்டி மாசம் ரெண்டாச்சு. சாகவும் விடமாட்டேங்குறீக, எறக்கவும் விடமாட்டேங்குறீக.”

ஜனவரியில் வைகுண்டராஜே போன் செய்தார். பிரிண்டர் துளையோடு ஒரு பழைய பெட்டி வந்திருக்கிறது என்றார். விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ் போடலாம், இந்த மாதிரி மேசைகளுக்கென்றே ஆர்வலர்கள் சேர்ந்து எழுதிய இலவச மென்பொருள் அதில் இருக்கிறது என்று ஷெரின் சொன்னாள். வீடியோ காலில் அவள் சொல்லச் சொல்ல இவர் தட்டினார். கடவுச்சொல் கேட்ட இடத்தில் தட்டினால் திரையில் ஒன்றுமே விழவில்லை.

“எழுத்து விழ மாட்டேங்குது.”

“விழாதுப்பா. சும்மா தட்டிட்டு என்டர் அடிங்க.”

“விழுந்துச்சா இல்லையான்னு எப்படிம்மா தெரியும்?”

“நம்புங்கப்பா.”

“நம்புறதுக்குக் கோயிலு இருக்கு. இதுக்கு நிச்சயம் வேணும்.”

எப்படியோ ஏறியது. மோட்டாரும் சுற்றியது. ஆனால் விக்கி விக்கிச் சுற்றியது. நேர்கோடு போகச் சொன்னால் ஒரு விரற்கடை போய் நின்று, உதறி, மறுபடி போகும். செபஸ்தியம்மாள் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, “தண்ணி குடுத்துப் பாத்தீகளா?” என்று கேட்டார்.

இணையத்தில் இந்த மேசைக்காரர்கள் கூடிப் பேசுகிற இடத்தில் ஷெரினை விட்டுக் கேட்கச் செய்தார். மூன்று பேர் பதில் எழுதினார்கள். முதலாமவர், இந்த லினக்ஸ் சரியில்லை, வேறு லினக்ஸ் போடு என்றார். இரண்டாமவர், இதே கேள்வி பல வருஷம் முன்பே கேட்கப்பட்டுவிட்டது, தேடிப் பார்க்கவும் என்றார். மூன்றாமவர், எனக்கும் இதே விக்கல், விடை கிடைத்தால் சொல்லவும் என்றார். தேடிப் பார்த்ததில் பழைய கேள்வி கிடைத்தது. பதில் அதன் கீழே இல்லை. கடைசியில், கம்ப்யூட்டர் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அவ்வப்போது கண்ணயர்கிறது, அதைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டும் என்பது, அமைப்புகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில் தானாகத் தெரிந்தது. விக்கல் நின்றது.

அப்போது ஜனவரி முடிந்திருந்தது.

பழைய கோப்புகளை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தார். பன்னிரண்டாம் நிலையை ஏற்றினார். நல்ல பலகையில் கைவைக்காமல் முதலில் ஒரு வேப்பங்கட்டையில் ஓடவிட்டார். மேசை அழகாக வரைந்தது. கிறிஸ்து, இரு பக்கமும் கள்ளர்கள், கீழே மாதா, சுற்றிலும் கொடி. எல்லாம் சேர்ந்து ஒரு சாணுக்குள் அடங்கிவிட்டது.

செபஸ்தியம்மாள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இது யாருக்கு? நம்ம கோழி முட்டி போடுறதுக்கா?”

இதற்குக் காரணம் சூசைமுத்துவுக்கு உடனே விளங்கியது. பழைய மென்பொருளில் அளவு என்ன என்று கேட்ட இடத்தில் மில்லிமீட்டர், அங்குலம் என்று இரண்டுதான் இருந்தன. இவருக்கு இரண்டும் பிடிக்கவில்லை. ஆசாரிமார், கொத்தனார், பலகைக் கடைக்காரர் எல்லாரும் பேசுவது நூலில். அங்குலத்துக்கு எட்டு நூல். ஆகவே திரையில் மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாலும், ஒரு அலகு ஒரு நூல் என்று மேசையைப் பழக்கிவிட்டார். பதின்மூன்று வருஷப் படங்களும் நூலில்தான் இருக்கின்றன. வீட்டுக்குள் இது எல்லாருக்கும் தெரியும். லினக்ஸுக்குத் தெரியாது. அது நூற்றுத்தொண்ணூற்றிரண்டு நூலை நூற்றுத்தொண்ணூற்றிரண்டு மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது.

ஆகவே ஒரு நூலுக்கு எத்தனை துடிப்பு என்று புதிய மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். மேசையின் பக்கவாட்டில், 2011-இல் அவரே பெயிண்டில் எழுதி வைத்த எண் இருந்தது. 625.

ஷெரின் போனில் கணக்குப் போட்டாள். மோட்டார் ஒரு சுற்றுக்கு இத்தனை துடிப்பு, தண்டு ஒரு சுற்றுக்கு இத்தனை தூரம், வகுத்தால்...

“அப்பா, 625 வராது. 635.”

“பெயிண்ட்ல எழுதிருக்கேன்மா.”

“பெயிண்ட்ல எழுதினா சரியாயிருமா? நீங்களே போட்டுப் பாருங்க.”

போட்டுப் பார்த்தார். 635. மறுபடி போட்டார். 635. தண்டைத் துடைத்துவிட்டுப் புரியை எண்ணிப் பார்த்துப் போட்டார். 635. தன் கையெழுத்தில் ஒரு தப்பான எண் பதின்மூன்று வருஷம் மேசையில் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது என்பது அவருக்குத் தாங்கவில்லை. அணையில் அவர் போட்ட ஒரு குறிப்பையும் யாரும் அடித்துத் திருத்தியதில்லை. போனை வைத்ததும் பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, 635 என்று எழுதினார். மென்பொருளிலும் அதையே கொடுத்தார். தேனிக்குப் போய் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வாங்கி வந்து, மேசையை இரண்டடி ஓடவிட்டு வைத்துப் பார்த்தார். மயிரிழை பிசகாமல் இரண்டடி. மூன்று மாதத்தில் முதல் தடவையாக நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் பன்னிரண்டாம் பலகையை மேசையில் வைத்து, நாலு பக்கமும் இரும்புக் கவ்வி போட்டு இறுக்கினார். ஓடவிட்டார். படம் வந்தது. பெயர் வந்தது. கடைசியில் கொடி. கொடி மேல் ஓரமாகப் போய், வலது ஓரத்தில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், பலகைக்கு வெளியே போனது. வெளியே கவ்வி இருந்தது. பிட் கவ்வியில் மோதி உடைந்தது. பலகை துள்ளிய துள்ளலில், உடைந்த துண்டு நடுவில் இழுத்துக்கொண்டு போய், கிறிஸ்துவின் இடது கையிலிருந்து மாதாவின் முக்காடு வரை ஒரு கோடு கிழித்துவிட்டு நின்றது.

சத்தம் கேட்டுச் செபஸ்தியம்மாள் வந்து பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் கேலி செய்திருந்தாலே தேவலை என்று சூசைமுத்துவுக்குத் தோன்றியது.

லினக்ஸைத் திட்டினார். இலவசமாக எழுதிக் கொடுத்தவர்களைத் திட்டினார். போனில் ஷெரினைத் திட்டினார்.

“அப்பா, மெஷின் ரெண்டடிதான ஓடுச்சு? ஸ்கேல் வச்சுப் பாத்தீங்கள்ல? அப்ப பலகைய அளங்க.”

பலகையை அவர் அளந்ததில்லை. ஆசாரி அறுத்தது இரண்டடி, அவ்வளவுதான். இப்போது ஸ்டீல் ஸ்கேலை வைத்தார். மூன்று நூல் குறைந்தது. மிச்சம் இருந்த இரண்டு பலகையையும் அளந்தார். மூன்று நூல். கோயில் பண்டகசாலையில் அடுக்கியிருந்த பதினொன்றையும் போய் அளந்தார். எல்லாவற்றிலும் அதே மூன்று நூல். செதுக்கியிருந்த கொடியோ ஒவ்வொன்றிலும் ஓரத்தோடு ஓரம் கச்சிதமாகப் பொருந்தி நின்றது.

அங்கிருந்து நேராகச் சின்னச்சாமி ஆசாரி வீட்டுக்கு நடந்தார். ஆசாரி வாசலில் உட்கார்ந்து உளி தீட்டிக்கொண்டிருந்தார்.

“ஆசாரி, உம்ம அளவுகோல எடும்.”

“எதுக்குண்ணே?”

“எடும்யா.”

இரண்டு பக்கமும் பித்தளைப் பூண் போட்ட இரண்டடிக் கோல். 2011-இல் சூசைமுத்து மேசையைப் பழக்கியதும் இதே கோலை இரவல் வாங்கி வைத்துத்தான். அதன் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்தார். கோல் முடிந்த இடத்தில் ஸ்கேல் முடியவில்லை.

“மூணு நூல் எங்கன போச்சு?”

ஆசாரி குனிந்து பார்த்தார். “அதுவா... முனை ரெண்டும் தேஞ்சு மொக்கையாப் போச்சுண்ணே. அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் அறுத்து எறிஞ்சுட்டு பூண் போட்டேன். அப்புறம் பழைய அங்குலக் கோடெல்லாம் இழைச்சு அழிச்சுட்டு, இருபத்திநாலாப் பங்கு வச்சுத் திருப்பிக் கிழிச்சுக்கிட்டேன்.”

“எப்ப?”

“எங்க மூத்தவ கல்யாணத்துக்கு முன்னாடி. இருக்கும் ஒரு இருவது வருசம்.”

“இருவது வருசமா ஊருக்கெல்லாம் அங்குலத்தக் குறைச்சுக் குடுத்திருக்கீரா?”

“ஒருத்தர் வீட்டுக் கதவாவது சாத்தாம நின்னுருக்கா? கதவுக்கும் அதே கோலு, நிலைக்கும் அதே கோலு. உங்க மெஷினுக்கும் அதே கோலுதான. அதுபாட்டுக்கு நல்லாத்தான ஓடுச்சு? யாரு போயி அதத் திருத்தச் சொன்னா?”

சூசைமுத்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மேசை நன்றாகத்தான் ஓடியது. 625 என்பது ஆசாரியின் நூலுக்கு மிகச் சரியான எண். அதைத் திருத்தியது அவரேதான். இன்னும் சொல்லப்போனால், சுரண்டியும் எடுத்திருந்தார்.

“சரி, பலகை போச்சு. அந்தப் பலா மரத்துல மிச்சம் ஏதும் கெடக்கா?”

ஆசாரி தலையைச் சொறிந்தார். தெரு முனையைப் பார்த்தார். அப்புறம், “வாங்க” என்று எழுந்து பின்பக்கம் கூட்டிப் போனார். ஆட்டுக் கொட்டடியின் கதவு பலாப்பலகை. மஞ்சள் கொஞ்சம் கறுத்திருந்தது.

“ஏம்யா, கோயில் மரத்துலயா ஆட்டுக்குக் கதவு போட்டீரு?”

“மிச்சம்னு நினைச்சேண்ணே. திட்டாதீக, இந்தா கழட்டுறேன். ஆடு இன்னிக்கு வீட்டுக்குள்ள படுத்துக்கிரட்டும்.”

ஆசாரி அன்று மாலையே அதை இழைத்து ஒட்டிக் கொடுத்தார். இழைத்ததும் உள்ளே மஞ்சள் மற்ற பலகைகளைப் போலவே வந்தது. அளந்து அறுத்தது பழைய கோலால்தான். சூசைமுத்து பக்கத்தில் நின்று, அந்தக் கோலால்தான் அறுக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

எண்ணை மாற்றுவதற்குத்தான் மனம் ஒப்பவில்லை. தப்பு என்று தெரியாமல் ஒரு எண்ணைப் போடுவது வேறு. சரியான எண் எது என்று தெரிந்து, கணக்குப் போட்டு, ஸ்கேல் வைத்து நிச்சயம் பண்ணி, அப்புறம் அதை அழித்துவிட்டுத் தப்பானதைப் போடுவது வேறு. ஷெரினுக்குப் போன் போட்டார்.

“அப்பா, உங்க ஊர்ல அங்குலம் அவ்வளவுதான்னு நினைச்சுக்கங்க” என்றாள் ஷெரின்.

“ஊருக்கு ஒரு அங்குலமா? நல்லாருக்கும்மா, ஒலகம்.”

625 என்று தட்டினார்.

பன்னிரண்டாம் நிலை முடிந்தது. பதின்மூன்று, பதினான்கும் முடிந்தன. பிப்ரவரி கடைசியில் மூன்று பலகையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பதினான்கையும் கோயில் தரையில் ஏழு ஏழாக வரிசை வைத்தார். பதினோராம் பலகையின் தண்டு பன்னிரண்டுக்குள் நுழைகிற இடத்தில் விரலை வைத்துத் தடவினார். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. சாமி குனிந்து பார்த்துவிட்டு, “ஒரே மரத்துல ஒரே நாள்ல செஞ்ச மாதிரி இருக்கு” என்றார்.

இமானுவேல் பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்தார்.

“மாமா, இது இருபத்திமூணு அங்குலம் அஞ்சு நூல்தான் இருக்கு.”

“ஆமா.”

“பேரவைத் தீர்மானத்துல இருபத்திநாலு அங்குலம்னு இருக்கே.”

“இருக்கட்டும். பதினாலும் ஒண்ணு போலத்தான் இருக்கு. சுவத்துல எடம் மிச்சந்தான மாப்ள?”

“எடத்தப் பத்திப் பேச்சில்ல மாமா. தீர்மானத்தப் பத்தி.”

சாமி சிரித்துக்கொண்டே நழுவிவிட்டார். மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்தால் கதவிடுக்கில் கடிதம். பலகைகளைப் பேரவை ஏற்கத் தயார். ஆனால் “ஒவ்வொன்றும் 24 அங்குல அகலம் கொண்டது” என்று சூசைமுத்து எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். இல்லையேல் பேரவை மறுபடி கூடித்தான் முடிவெடுக்க இயலும். புதன்கிழமைக்குள் கூட இயலுமா என்று சொல்ல இயலாது. ஃபைபர் கடைக்காரர் மாதிரிக்கு அனுப்பிய பதினான்கும் பண்டகசாலைக்கு வந்துவிட்டன.

“போட்டுக் குடுத்துருங்க. என் தம்பி புத்தி அம்புட்டுத்தான்” என்றார் செபஸ்தியம்மாள்.

“இருபத்திநாலு இல்லையே.”

“ஒரு கையெழுத்துக்காக அந்த மனுசன வெளிய நிப்பாட்டப் போறீகளா? மெஷினுக்கு மட்டும் தப்புக் கணக்கு குடுத்தீகளே?”

“மெஷினுக்குக் குடுத்தது பலகைக்காக. பலகை பலகையோட சேரணும்ல. இது என் கையெழுத்து. இருபத்திமூணு அஞ்சு நூல இருபத்திநாலுன்னு எழுத என்னால ஆகாது.”

அவர் எழுதிய பதிலில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. பதினான்கு பலகைகளும் தலா இருபத்துமூன்று அங்குலம் ஐந்து நூல். தேதி போட்டுக் கையெழுத்திட்டு, நான்கு வீடு நடந்து போய், கூப்பிடாமல், கதவிடுக்கில் தள்ளிவிட்டு வந்தார். திங்கட்கிழமை முழுக்க ஒன்றும் வரவில்லை. இமானுவேல் அக்காவைப் பார்க்கவும் வரவில்லை. செவ்வாய் மதியம் செபஸ்தியம்மாள் தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். தெரு முழுக்கக் கேட்கிற அளவுக்குச் சத்தம் வந்தது.

“ஏலே, நீ ஏசுவுக்குச் செயலாளரா, டேப்புக்குச் செயலாளரா?”

இமானுவேல் என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. சாமியும் பேரவையை அவசரமாகக் கூட்டி ஒரு சொல் சொன்னதாகப் பிற்பாடு தெரிந்தது. சூசைமுத்து மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெயிண்ட் சுரண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பண்டகசாலையில் கிடக்கிற ஃபைபர் உருவங்கள் இருபத்துநான்கு அங்குலம் இருக்குமா என்று யாராவது அளந்தார்களா என்று அவருக்கு ஒரு யோசனை ஓடியது. அதைக் கேட்டு எழுதலாம் என்று காகிதத்தைக்கூட எடுத்துவிட்டார்.

அப்போதுதான் கதவிடுக்கில் சரசரப்புக் கேட்டது. லெட்டர்பேட், எண், முத்திரை எல்லாம் இருந்தன. இருபத்துமூன்று அங்குலம் ஐந்து நூல் அகலமுள்ள பதினான்கு நிலைகளும் ஏற்கப்பட்டன, தீர்மானம் அவ்வாறே திருத்தப்பட்டது, ஃபைபர் திருப்பி அனுப்பப்படுகிறது, நாளைக் காலைத் திருப்பலிக்கு முன் மாட்டித் தரவும் என்று அதில் எழுதியிருந்தது. அதுவே அவர்களுக்கிடையில் இந்த விஷயத்தில் கடைசிக் கடிதம். வந்த தேதி 2025 மார்ச் 4.